ஒரு மிடறு ரசம்

கேள்வி: குடியை விட்ட சகோதரர் ஒருவர், திருவிருந்து நேரத்தில் மட்டும் எழுந்து போய்விடுகிறார். ஒரு மிடறு திராட்சரசத்தில் என்ன ஆகிவிடும்?

பதில்: நிறையவே ஆகலாம். குடியை விட உதவும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு அந்த மிடறே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரை கொண்டுபோகலாம். மற்றவருக்கும் வாசனையே பழைய ஆசையைக் கிளப்பிவிடலாம். ரசத்தைக் கொதிக்கவைத்தாலும் ஆல்கஹால் முழுதும் போகாது. அதனால் புளிக்காத திராட்சைச் சாறே நல்லது. அமெரிக்க மெதடிஸ்ட் சபைக்காரர் தாமஸ் வெல்ச் 1869-இல் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்ததுபோல், பிழிந்த சாற்றை உடனே சூடாக்கி, சுத்தமான பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சைச் சாறு வெளியில் இருந்தால் ஈஸ்ட் புளிக்கவைத்துவிடும். 1 கொரிந்தியர் 8-இல் பவுல் கண்டித்தது, பலவீனமான சகோதரன் இடறுவதைப் பாராமல், 'எனக்கு உரிமை உண்டு' என்று விக்கிரகப் படையலைத் தின்ற விவரமானவர்களைத்தான். அந்தச் சகோதரருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வேண்டாம், எல்லாக் கண்ணும் அவர்மேல்தான் விழும். ஆயரிடம் பேசி எல்லோருக்கும் சாறே கொடுங்கள், காரணத்தை அறிவிக்கவேண்டியதில்லை.