பத்து மாடியும் ஒரு பாட்டும்

அன்புள்ள அண்ணா,
அரசவைக் கவிஞர் பதவியைக் கொடுத்து நாமக்கல் கவிஞரையும் கண்ணதாசனையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது சரிதானே? அந்தப் பதவிக்குச் சம்பளம் எவ்வளவு? இன்று யாருக்குக் கொடுக்கலாம்?
ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள தம்பி,

சம்பளக் கணக்கு நமக்கு எதற்கு? யாருக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னால் நாளைக் காலையில் நாலு நண்பர்கள் குறைவார்கள். அதையும் விடுங்கள்.

போன மாதம் சித்தப்பாவுடன் தலைமைச் செயலகம் போயிருந்தேன். “நாமக்கல் கவிஞர் மாளிகை எந்தப் பக்கம்?” என்று வாசலில் நின்ற ஒரு பெரியவரைக் கேட்டேன். விழித்தார். கையை உயர்த்திக் காட்டினேன். “அட, பத்து மாடியா? நேரா போங்க” என்றார். அன்றிலிருந்து நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளைதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறார். அப்போது பார்த்து உங்கள் கடிதம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். ‘கத்தியின்றி ரத்தமின்றி’ அந்த நடைக்காக நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கால் தானாக எடுத்து வைக்கும். வெயிலில் நடக்கிறவனுக்கு மூச்சு எங்கே முட்டும் என்று தெரிந்து எழுதியது. 1932இல் அவர் சிறைக்கும் போனார். பதவி எப்போது வந்தது? 1949இல். பாட்டு வந்து பத்தொன்பது வருடம் கழித்து, அவருடைய அறுபதாவது வயதில். பாடி முடித்த பாட்டை யாராவது பத்தொன்பது வருடம் கழித்து வந்து விலைக்கு வாங்குவார்களா? வாட்ஸாப்பில் வந்ததை அப்படியே ஒப்பிக்காதீர்கள் தம்பி. வருடத்தைக் கூடவா பார்க்க மாட்டீர்கள்?

கண்ணதாசனும் அப்படித்தான். எம்.ஜி.ஆரைத் தாளித்து எழுதியவர் அவர். அவரைத்தான் 1978இல் எம்.ஜி.ஆர் அரசவைக் கவிஞர் ஆக்கினார். அதற்குள் அவர் எழுத வேண்டிய பாட்டில் முக்கால்வாசியை எழுதி முடித்துவிட்டார். 1981 அக்டோபரில் சிகாகோவில் போய்ச் சேர்ந்தார். இதில் யார் யாரை வாங்கினார்கள்?

எனக்குப் பதவியோடு சண்டை இல்லை, பெயரோடுதான். அரசனே இல்லாத நாட்டில் என்ன அரசவை? தர்பார் வாடை அடிக்கிறது. அதே 1949இல் அதே சென்னை அரசு மஞ்சேசுவரத்துக் கன்னடக் கவிஞர் கோவிந்த பைக்கு ‘ராஷ்டிரகவி’ என்று பட்டம் கொடுத்தது. தென் கன்னடம் அப்போது சென்னையோடுதான் இருந்தது. அந்தப் பெயரில் நாடு இருக்கிறது, ராஜா இல்லை. கன்னடக்காரர்கள் குவெம்புவுக்கும் பிறகு சிவருத்ரப்பாவுக்கும் அதையே கொடுத்தார்கள். நமக்குத்தான் அரசவை இல்லாமல் தூக்கம் வராது.

கோபமாக எழுதிவிட்டேனோ? கடிதம் போடுகிறவர்களே குறைந்துபோன காலத்தில் நீங்கள் எழுதியது எனக்குச் சந்தோஷம்தான். ஒன்று செய்யுங்கள். கரூரிலிருந்து வாங்கல் வழியாகக் காவிரிப் பாலம் ஏறினால் அக்கரையில் மோகனூர், நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர். வண்டியை இக்கரையிலேயே நிறுத்திவிட்டு அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே பாலத்தைக் கடந்து பாருங்கள். ‘ரத்தமின்றி’ எந்தக் காலில் விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.