மரம் மட்டும் வைக்கக் கூடாது

கேள்வி: கல்யாணமாகி 2004-ல் ஆனையூருக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 20 சென்ட் இடம் சும்மா கிடந்தது. பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் நாலு குடும்பத்துக்குக் காய்கறி போட்டுக்கொள்ள அதைக் கொடுத்தோம். வாடகை கிடையாது, தண்ணீர் எங்கள் போர்வெல்லில் இருந்துதான். மரம் மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. போன தை மாதம் அதில் ஒரு பெண் (1990-ல் கைக்குழந்தையாக வந்தவளாம்) வேலியோரம் முருங்கைப் போத்து ஊன்றிவிட்டாள். என் கணவர் பிடுங்கிப் போட்டார். நானும் அங்கேதான் நின்றேன். அதிலிருந்து அவள் வருவதில்லை. மற்ற மூன்று குடும்பமும் வருகிறார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு செய்தும் நம்மோடு ஒட்ட மாட்டேன் என்கிறார்களே, இதைத் தொடரலாமா, நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஆனையூர், மதுரை

பதில்:

தங்கச்சி, உதவி செய்தவர்கள் மனம் நொந்து எழுதும் கடிதங்கள் எனக்கு வாராவாரம் வருகின்றன. "செய்தேன், நன்றி இல்லை" என்றுதான் எல்லாமே முடியும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே வரியை. "மரம் மட்டும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம்." வாடகைக்கும் தண்ணீருக்கும் நடுவில், போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் முழுக்க அந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் இருக்கிறது.

சிறுகீரை விதைத்தால் 25 நாள். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். காலையில் பச்சையாக இருந்த பாத்தி பத்து மணிக்கு வெறும் மண். அங்கே ஒருத்தி ஒரு மாதம் குனிந்து வேலை பார்த்ததற்கு அடையாளம் ஏதும் மிஞ்சாது. வெண்டையும் கத்தரியும் சில மாதம் நிற்கும், அப்புறம் அதுவும் போய்விடும். நீங்கள் அவர்களுக்குக் கொடுத்த அனுமதி இவ்வளவுதான்: வா, விதை, பிடுங்கு, போ. வாய்விட்டு அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனால் கேட்டவர்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு இது புதிதும் இல்லை. முகாமில் எல்லாமே தற்காலிகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அந்தத் தற்காலிகத்திலேயே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் கட்டிவிட்டது.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதியதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் வந்தது 1990. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் இறக்கி, பதிந்து, அங்கிருந்துதான் முகாம் முகாமாக அனுப்பினார்கள். அப்போது அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தவள். நீங்கள் ஆனையூருக்கு வந்தது 2004. மதுரை ஜில்லாவின் தண்ணீரை உங்களுக்கு முன்னால் குடித்தவளாகக்கூட அவள் இருக்கலாம். "நம்மோடு ஒட்ட மாட்டேன் என்கிறார்கள்" என்று எழுதுவதற்கு முன்னால் இந்த இரண்டு வருஷங்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்க வேண்டாமா? நீங்கள் வாழ வந்த வீட்டில் உங்கள் கையால் ஒரு கறிவேப்பிலைக் கன்றாவது வைத்திருப்பீர்கள். அதை யாரும் பிடுங்கவில்லை. நான் வாழ வந்த வருஷம் என் மாமியார் என் கையில் ஒரு மருதாணிக் குச்சியைக் கொடுத்து, கிணற்றடியில் நடச் சொன்னார். எங்களுக்குள் ஆயிரம் சண்டை வந்திருக்கிறது. ஆனாலும் இது உன் வீடு இல்லை என்ற பேச்சு அந்த அம்மா வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

"அகதிகள் முகாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் அரசாங்கமே அந்தப் பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்கச் சொல்லிவிட்டது. பெயர் மாறியதால் 10-க்கு 10 அறை பெரிதாகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில் நம் மனசு தெரிந்துவிடுகிறது. அவளுக்குப் பெயர் இருக்கும். நாலு பக்கக் கடிதத்தில் ஒரு இடத்தில்கூட நீங்கள் அதைச் சொல்லவில்லை. பத்திரிகைக்கு எழுதுகிறோம் என்று மறைத்திருந்தால் சரி. தெரியாமல் விட்டிருந்தால், ஒன்றரை வருஷம் உங்கள் போர்வெல்லில் தண்ணீர் பிடித்தவளின் பெயர் தெரியாமல் இருப்பது தப்பு.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மரம் வைத்தால் நாளைக்குப் பாத்தியதை கொண்டாடுவார்கள், பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் இடம் அவர்களுக்கே போய்விடும் என்று டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனையூர்ப் பக்கம் மனை விலை ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு அந்தப் பயம் யாருக்கும் வரும். ஆனால் சட்டம் அப்படி இல்லை. உரிமையாளர் அனுமதியோடு ஒருவர் நிலத்தில் இருந்தால், எத்தனை வருஷம் இருந்தாலும் அது எதிரிடை அனுபோகம் ஆகாது. அந்தப் பன்னிரண்டு வருஷக் கணக்கு அனுமதி இல்லாமல் பிடித்து வைத்திருப்பவருக்குத்தான். சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலிடம் போய், இது எங்கள் இடம், இன்னாருக்குப் பயிர் செய்ய அனுமதித்திருக்கிறோம், மரத்தின் காயும் கீரையும் வைத்தவருக்கு என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நகல். நாளைக்கு இடத்தை விற்பதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், அது அவர்களுக்கும் நல்லது.

அவள் பக்கத்தையும் பாருங்கள். இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை எடுக்கலாம், அவ்வளவுதான். நம் மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அங்கே கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நிலத்தையும் சாகுபடியையும் காட்ட வேண்டும். அவள் எதைக் காட்டுவாள்? அதனால்தான் கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறாள். எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏற முடியாத ஒருத்தி உங்கள் நிலத்தை எழுதி வாங்கிக்கொள்வாள் என்று உங்கள் வீட்டில் பயப்படுகிறீர்கள்.

அவள் வைத்ததும் தேக்கா, புளியா? முருங்கை. பலத்த காற்றுக்கே கிளை முறிகிற மரம். இடம் தேவைப்பட்டால் ஒரு ஆள் அரிவாளோடு அரை மணி நேரத்தில் சாய்த்துவிடுவார். நம் ஊர்த் தோட்டங்களில் யாழ்ப்பாண முருங்கை என்று ஒரு ரகம் காலம் காலமாக இருக்கிறது, தெரியுமா? இரண்டு, மூன்று அடி நீளத்துக்குக் காய் தொங்கும், சதையும் ருசியும் அதிகம். அந்த மண்ணிலிருந்து வந்த பெயரோடேயே நம் வேலியில் நின்று, நம் சாம்பாரில் கிடக்கிறது. போத்து எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டீர்களா? வேலைக்குப் போன வீட்டில் ஒடித்திருக்கலாம். முகாமில் யாரோ ஒரு கிழவி வளர்த்த மரத்திலிருந்து கொண்டுவந்திருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு கதை கிடைத்திருக்கும், நீங்கள் கேட்ட ஒட்டுதலும் அன்றைக்கே தொடங்கியிருக்கும்.

சொல்லை மீறினாளே என்பீர்கள். மீறினாள்தான். உங்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் 'கூடாது' என்று முதலிலேயே சொல்லிவிட்ட இடத்தில் மறுபடி கேட்க அவளுக்கு வாய் வந்திருக்காது. கணவர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் நழுவவும் வேண்டாம். "நானும் அங்கேதான் நின்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நின்று என்ன செய்தீர்கள்? வீட்டுக்காரர் தப்பாக ஒன்று செய்யும்போது, "இருங்க, நான் பேசிக்கிறேன்" என்று கையைப் பிடிப்பதுதான் அந்த வீட்டின் மரியாதையைக் காப்பாற்றும். பெண்டாட்டி என்பவள் தலையாட்டுவதற்கு இல்லை. நம் வாசலை நம்பி வந்த ஒருத்தியை நம் வீட்டு ஆள் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால், அதைச் சரிசெய்கிற பொறுப்பு வீட்டிலுள்ள எல்லோருக்கும் உண்டு. எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

தொடர்வதா, நிறுத்துவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடருங்கள். ஆனால் இதே விதத்தில் வேண்டாம். 20 சென்ட்டை நாலாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. அவர்கள் படுத்து எழும் அறை 100 சதுர அடி. அந்த 5 சென்ட்டில் என்ன போடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நாம் காராமணி என்கிறதை அவர்கள் பயித்தங்காய் என்பார்கள், அதற்குப் பந்தல் போடத் தெரிந்தவர்கள். தண்ணீர்த் தொட்டியின் ஈரத்தில் வல்லாரை வரும், அதில் சம்பல் அரைப்பார்கள். மரவள்ளி நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. இராசவள்ளிக் கிழங்கு கிடைத்தால் ஒரு முருங்கையின் மேலேயே கொடியை ஏற்றிவிடலாம். தேவை முடிந்து மிஞ்சியதை உங்கள் தெருவில் விற்க நீங்களும் துணைக்குப் போய் நில்லுங்கள். ஆனையூரில் நாலு வீட்டுக்கதவு உங்களுக்குத் திறக்கும், அவளுக்குத் திறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் முகாமுக்குப் போங்கள். ஆள் விட்டு அவளை வரச் சொல்லாதீர்கள், நீங்கள் போக வேண்டும். அரிசியும் பழைய சேலையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். "பிடுங்கினது தப்பு" என்பதை உங்கள் கணவர் தன் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் அவருக்காகச் சொன்னால் அது செல்லாது. முதல் முறையிலேயே அவள் முகம் கொடுப்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். வராவிட்டால் இரண்டாம் முறை போங்கள். அந்த நாலு பேர் முன்னால்தான் பிடுங்கினீர்கள், அதனால் மற்ற மூன்று குடும்பத்துக்கும் தெரிகிற மாதிரி போங்கள்.

ஆடி பிறந்ததும் போத்து வைக்கச் சொல்லுங்கள், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். எந்த இடம் என்பதை அவளே காட்டட்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி வேண்டும், அதை உங்கள் கணவர் வெட்டித் தரட்டும். போத்தின் நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டை வைக்க வேண்டும், அது அவளுக்குத் தெரியும். சாணி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.