கொண்டை ஊசி வளைவில் குமட்டுவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஆழியாறு தாண்டி ஏழெட்டு வளைவு ஏறுவதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறாள். கார் ஓட்டும் என் கணவருக்கும், ஒன்றரை வயது மகனுக்கும் ஒன்றும் ஆவதில்லை. பித்த உடம்பு, வெறும் வயிற்றோடு கூட்டிப்போ என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் கொடுத்த ஒண்டான்செட்ரான் மாத்திரையும் கேட்கவில்லை. வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கலாமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம் அம்மா. வாந்தி வருவதுதான் வயிற்றிலிருந்து. கோளாறு தொடங்கும் இடம் காது.

உள்காதில், கேட்பதற்கான பகுதியை ஒட்டியே, உடல் அசைவை அளக்கும் ஒரு கருவி இருக்கிறது. திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும். நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ள இரண்டு பைகள், முன்னே போகிறோமா, மேலே எழுகிறோமா, சாய்கிறோமா என்று சொல்லும். பின் சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் பிள்ளைக்குக் கண் 'நான் அசையவே இல்லை' என்கிறது. காதோ 'இடப்பக்கம் சுழல்கிறோம், இப்போது வலப்பக்கம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் காரணம் என்பது ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1970-களில் விரிவாக முன்வைத்த விளக்கம். கண்ணும் காதும் முரண்படுவது மட்டுமல்ல, மூளை எதிர்பார்த்தது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று என்பதுதான் சிக்கல் என்றார் அவர். உங்கள் கணவர் தப்பிப்பது இதனால்தான். ஸ்டீயரிங்கைத் திருப்புபவருக்கு அடுத்த நொடி உடல் எந்தப் பக்கம் சாயும் என்பது முன்கூட்டியே தெரியும். அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து வேறு யாராவது ஓட்டட்டும், அப்புறம் பாருங்கள்.

காதுதான் மூலம் என்பதற்குச் சான்று எங்கிருந்து வந்தது தெரியுமா? காது கேளாதவர்களிடமிருந்து. அவர்களில் பலருக்குச் சுற்றிவிட்டாலும் தலை சுற்றுவதில்லை என்று 1882-இலேயே அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். பிறகு 1950-களின் கடைசியில், விண்வெளிக்கு மனிதனை அனுப்பும் முனைப்பில் இருந்தபோது, அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள் காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலானோருக்குச் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலால் உள்காது பாழாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அந்த 11 பேரும் ஜாலியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருக்க, ஆராய வந்தவர்கள் வாந்தி எடுத்துச் சுருண்டதில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. கண் பார்வையே இல்லாதவர்களுக்கும் பயணக் குமட்டல் வரும். உள்காது இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குத்தான் அநேகமாக வருவதில்லை.

சரி, காது குழம்பினால் வயிறு ஏன் புரட்ட வேண்டும்? 1977-இல் டிரைஸ்மன் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஆதி மனிதனுக்குப் புலன்கள் இப்படிக் குழம்பியது விஷக்காய் எதையாவது தின்றபோதுதான், அதனால் மூளை இன்றும் 'விஷம்' என்று எண்ணி வெளியே தள்ளச் சொல்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. நாய்களில் உள்காதுக் கருவியை நீக்கியபோது சில விஷங்களுக்கு வாந்தி எடுப்பது குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் இதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லா ஆட்டமும் குமட்டுவதில்லை. மேலும் கீழுமான அசைவில், ஐந்து நொடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் மெதுவான ஆட்டம்தான் மிக மோசம் என்று 1970-களின் சோதனைகள் காட்டின. ஆட்டோவின் குலுக்கல் இடுப்பைப் பதம் பார்க்கும், வயிற்றை அவ்வளவாகச் சீண்டாது. அலையில் ஏறி இறங்கும் கப்பலும், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் வேறு ரகம்.

வயதும் ஒரு காரணம். இரண்டு வயதுக்குள் இது அரிது. பள்ளிப் பருவத்தில் உச்சம். அதன்பின் பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது அதிகம். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ அந்தத் தலைவலி உண்டா என்று யோசித்துப் பாருங்கள். வாந்தி எடுக்காமல், கொட்டாவி விட்டுச் சோர்ந்து தூங்கிவழிவதும் இதே கோளாறின் இன்னொரு முகம்தான்.

மாத்திரைக்கு வருகிறேன். ஒண்டான்செட்ரான் கீமோதெரபி வாந்திக்கும் வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் நல்ல மருந்து. பயணக் குமட்டலுக்கு உதவாது. இதற்கு வேலை செய்பவை புரோமெதசின், சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற தூக்கம் தரும் பழைய அலர்ஜி மருந்துகள். கடைசியாகச் சொன்னது அகப்பட்டதே தற்செயல்தான்: 1947-இல் பால்டிமோரில் தோல் தடிப்புக்கு இதைச் சாப்பிட்ட ஒரு பெண், டிராமில் போகும்போது வழக்கமாக வரும் குமட்டல் நின்றுவிட்டதாக டாக்டரிடம் சொன்னார். தூக்கம் தராத புது அலர்ஜி மாத்திரைகளுக்கு இந்தப் பலன் கிடையாது. எது, எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடை பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும். புரோமெதசினை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. எதுவானாலும் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை வேலையை நிறுத்திவிடும். மாத்திரை அங்கேயே கிடக்கும்.

வெறும் வயிறு வேண்டாம். இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. பின் சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு, முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள். மலை முடியும்வரை செல்போன் உங்கள் பையில் இருக்கட்டும். தலையைச் சீட்டில் சாய்த்து, மெதுவாக மூச்சு இழுத்துவிடப் பழக்குங்கள். இஞ்சி மரப்பா கொடுக்கலாம். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருந்தாலும் கெடுதல் இல்லை. நியூஸ்பேப்பர் மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்பார்கள். சீட் அழுக்காகாமல் இருக்க அது உதவும்.

பயணமே இல்லாத நாளிலும் தலை சுற்றல், காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், காது மந்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம். வால்பாறைப் பயணம் வரை காத்திருக்காமல் உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.