குருத்தோலை கருகினால் எந்த வண்டு?

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் 60 தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன், வயது 3. நாலைந்தில் புது ஓலை விரியும்போதே கருகினாற்போல வருகிறது. மாலத்தீவுத் தென்னைகளைக் கெடுத்த இலைவண்டு இங்கேயும் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் காயத்தைப் பாருங்கள்.

அந்த இலைவண்டின் பெயர் பிராண்டிஸ்பா லாஞ்சிசிமா. இந்தோனேசியா, பாப்புவா நியூ கினியா பக்கத்துப் பூச்சி. நீளம் ஒரு செ.மீ.கூட வராது, உடம்பு தட்டை. விரியாத குருத்தின் மடிப்புக்குள் ஒட்டிக்கிடந்து, வண்டும் புழுவுமாகப் பச்சையைச் சுரண்டும். ஓலையின் நீளவாக்கில் மெல்லிய பழுப்புக் கோடுகள் விழும். கோடுகள் சேர்ந்தால் ஓலை சுருண்டு காயும். ஓலை விரிந்ததும் வண்டு அடுத்த குருத்துக்குப் போய்விடும் என்பதால், கருகிய ஓலையில் மருந்தடித்தால் காசுதான் போகும். வியட்நாமில் 2003-ல் இதன் புழுவைக் கொல்லும் அசெகோடெஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைத்தான் விட்டார்கள்.

நம் தோப்புகளில் குருத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டு. அது சுரண்டாது, மடிந்திருக்கும் குருத்தைக் குறுக்கே துளைக்கும். அதனால் விரிந்த ஓலை கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இரு பக்கமும் முக்கோணமாக நறுக்கியிருக்கும். மட்டையடித் துளையில் மென்று தள்ளிய நார் தெரியும். குருத்தை இழுத்தால் கையோடு வந்து நாறினால் இரண்டு வண்டும் இல்லை, குருத்தழுகல்.

காண்டாமிருக வண்டு என்றால், துளைக்குள் கொக்கிக் கம்பி விட்டு வண்டை இழுத்தெடுங்கள். பிறகு வேப்பம்புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தையொட்டிய 3 மட்டை இடுக்குகளில் போடுங்கள். இன்னும் சிறிய பிள்ளைகளுக்கு 3 அந்துருண்டை வைத்து மேலே மணல் மூடினால் போதும். 45 நாளில் கரைந்துவிடும், மறுபடி வைக்க வேண்டும். மணல் மூடாவிட்டால் நம் வெயிலுக்கு அதுவரைகூடத் தாங்காது.

பலரும் கோட்டை விடுவது எருக்குழியில். வண்டு முட்டையிடுவது அங்கேயும், மக்கிய தென்னந்தடியிலும்தான். எருவைக் கிளறி, உருண்டு படுத்திருக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். இந்தப் புழுக்களைத் தாக்கிக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையையும் குழியில் கலக்கலாம்.

நீளக் கோடுகளும் தட்டை வண்டுமே கண்ணில் பட்டால், வண்டைச் சீசாவில் மூடி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். அதுவரை உங்கள் தோப்புக் கன்று ஒன்றுகூட வெளியே போக வேண்டாம்.