லாக்ரூ குன்றில் விடியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக அயர்லாந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மார்ச் 20 அன்று இருட்டு விலகுமுன்பே நண்பர்களோடு மீத் கவுன்ட்டியில் உள்ள லாக்ரூ குன்றில் ஏறினேன். உச்சியிலிருக்கும் பழைய கற்குவைக்குள், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் சமஇரவு நாளின் முதல் வெயில் நுழையும் என்றார்கள். மேகம் மூடிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போனேன். கம்பிக்கதவு வழியே வெயில் உள்ளே போவதைப் பார்த்தேன். இரண்டு நாள் தள்ளியும் விழுகிறது என்றால், கட்டியவர்கள் உண்மையிலேயே சமஇரவு நாளைக் குறிவைத்தார்களா? அல்லது கிழக்கு பார்த்துக் கட்டியது தற்செயலாகப் பொருந்திவிட்டதா?

ஆர்., டப்ளின்

அன்புள்ள ஆர்.,

மறுபடியும் தனியாக ஏறினீர்களே, அதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நான் போன செப்டம்பரில் மழைதான் கிடைத்தது.

உங்கள் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. டிசம்பர், ஜூன் மாதங்களின் பிற்பகுதியில் சூரியன் உதிக்கும் இடம் ஒரு வாரம்போல அசையாமல் நின்று, அப்புறம் திரும்பும். அதைக் கண்டுகொள்ள தூரத்தில் ஒரு மலைமுகடு இருந்தால் போதும். சமஇரவு நாள் அப்படியில்லை. சூரியன் மிக வேகமாக இடம் மாறுவது அப்போதுதான். லாக்ரூவின் அட்சரேகையில் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாகை நகர்கிறது. சூரியனின் அகலமே அரைப் பாகைதான். நேற்று உதித்த இடத்தை முழுதாக விட்டுவிட்டுத்தான் இன்று உதிக்கிறது. நீங்கள் பார்த்த சூரியன் இரண்டு சூரிய அகலத்துக்கும் மேல் வடக்கே தள்ளி எழுந்திருக்கும். 'இன்றுதான் அந்த நாள்' என்று வானம் எந்தக் குறியும் காட்டாது. டிசம்பரிலும் ஜூனிலும் சூரியன் நின்று திரும்பும் இரண்டு எல்லைகளையும் பல வருடம் பார்த்து நடுவைப் பிடிக்க வேண்டும், அல்லது நாட்களை எண்ணிப் பாதியாக்க வேண்டும்.

வாசல் பல நாள் வெயிலுக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே அதை வைத்து ஒரே ஒரு நாளை நிரூபிக்க முடியாது. இதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். ஆனால் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை. காரணம், உள்ளே கடைசியில் நிற்கும் கல். அதில் சூரியனைப் போல ஆரங்கள் விரியும் வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெயில்கட்டம் அந்தக் கல்லின் இடது மேற்பகுதியில் தொடங்கி, வலப்பக்கமாகச் சரிந்து, அந்தச் செதுக்கல்கள் மேலேயே நகர்கிறது. 1980இல் ஆய்வாளர்கள் மார்ட்டின் பிரென்னனும் ஜாக் ராபர்ட்ஸும் அங்கே காத்திருந்து பார்த்தது இதைத்தான். இறந்தவர்களின் எலும்புகளை வைத்த அறை அது. அங்கே எந்தக் கல்லில் வெளிச்சம் விழ வேண்டும் என்று யோசித்தே அதை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அதே கவுன்ட்டியில், டிசம்பர் விடியலின் வெயில் நுழையும் நியூகிரேஞ்ச் என்கிற பழைய கல்லறை இருக்கிறது. 1967 டிசம்பர் 21 அன்று அதை அகழ்ந்த தொல்லியலாளர் ஓ'கெல்லி அதற்குள் நின்று சூரியக்கதிர் வருவதைப் பார்த்தார். இன்று அந்தக் கதிர் சூரியன் உதித்து சுமார் நான்கு நிமிடம் கழித்துத்தான் நுழைகிறது. 5000 வருடத்தில் பூமியின் சாய்வு சற்றே குறைந்து, டிசம்பர் எல்லை இடம் மாறிவிட்டது. சமஇரவு நாளுக்கு அந்த மாற்றம் கிடையாது. அன்று சூரியன் வானின் நடுக்கோட்டைக் கடக்கிறது; பூமியின் சாய்வு எவ்வளவாக இருந்தாலும் உதிப்பது நேர் கிழக்குதான். லாக்ரூவைக் கட்டியவர்கள் பார்த்த அதே வழியில்தான் வெயில் இன்றும் அங்குள்ள கல்லுக்கு வருகிறது.

(நம் சித்திரை விஷுவின் பெயரிலும் 'விஷுவம்' என்கிற சமஇரவுதான் இருக்கிறது. நாள் மட்டும் ஏப்ரல் நடுவுக்குத் தள்ளிப் போய்விட்டது.)

நேர் கிழக்கு என்றாலும் தொடுவானம் தட்டையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. அயர்லாந்தில் சூரியன் நம் ஊரைப் போல நெட்டாக ஏறாது, சாய்ந்தே ஏறும். எதிரே ஒரு பாகை உயரத்துக்கு மேடு மறைத்தாலும் முதல் வெயில் ஒன்றரைப் பாகை வரை தெற்கே நகர்ந்துவிடும். அதனால் திசைகாட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

லாக்ரூ குன்றின் ஐரிஷ் மொழிப் பெயருக்குக் (Sliabh na Caillí) கிழவியின் மலை என்று பொருள். மடி நிறையக் கல்லோடு குன்றுக்குக் குன்று தாவிய சூனியக்கிழவி சிந்தியவைதாம் இந்தக் கற்குவைகள் என்பது அங்குள்ள கதை. வடபக்கம் அவளுடைய நாற்காலி என்று ஒரு பெரிய கல்லும் உண்டு.

செப்டம்பர் 20இலிருந்து நான்கைந்து விடியல்கள் போக முடியுமா? ஒரே இடத்தில் நின்று, தொடுவானத்தின் மேடுபள்ளத்தை ஒரு தாளில் வரைந்து, சூரியன் எழும் புள்ளியைத் தினமும் குறித்து வாருங்கள். இந்தமுறை அது தெற்கு நோக்கி நகரும். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.