72 மணி நேர எபிஎல்சியில் பிளிம்ப்1 ஒளிரவில்லை என்பதற்கு

சுண்டெலி ஐபிஎஸ் செல்லை (எந்தச் செல்லாகவும் மாறக்கூடியதாக மீட்டமைத்த செல்) முதலில் எபிஎல்சி (கருவின் எபிபிளாஸ்ட் போன்ற இடைநிலைச் செல்) ஆக்கி, பிறகு இனச்செல் முன்னோடி ஆக்கப் பார்க்கிறீர்கள்; அந்த மாற்றத்தைக் காட்டும் பிளிம்ப்1 ஒளிர்குறி 72 மணி எபிஎல்சியில் ஒளிரவில்லை என்கிறீர்கள். 48 மணி நேரத்தில் எபிஎல்சியை எடுத்துவிடுங்கள், 72 அதிகம். சுண்டெலி ஐபிஎஸ் செல்லிலிருந்து வரும் எபிஎல்சி, பிஎம்பி4-க்கு (இனச்செல்லாக மாறத் தூண்டும் புரதம்) இசைந்து கொடுப்பது இரண்டாம் நாளை ஒட்டித்தான். மூன்றாம் நாள் அந்தத் திறன் வெகுவாக வடிந்துவிடும், மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் பிஎம்பி4 ஊற்றினாலும் பிளிம்ப்1 ஒளிராது.

சோதிக்க: 36, 48, 72 மணிக்குத் தனித்தனித் தட்டு. தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் மூன்றையும் ஒரே நாளில் பிஎம்பி4 சேர்த்துச் செல் உருண்டைகளாகக் கட்டலாம். செல் ஒட்டாத, யு வடிவ அடி கொண்ட 96 குழித் தட்டில் குழிக்கு 2,000 செல். உருண்டை கட்டிய ஆறாம் நாள் எஸ்எஸ்இஏ1, இன்டெக்ரின் பீட்டா3 என்ற செல் மேற்பரப்புக் குறிகள் இரண்டும் உள்ள செல்களைப் பிரியுங்கள்.

48-லும் வரவில்லையா? கேஎஸ்ஆர் (வளர்ப்பு ஊடகத்தில் சீரத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது) லாட்டை மாற்றுங்கள், அது லாட்டுக்கு லாட் படுத்தும்.

பிரித்த செல்லை விந்தகத்தில் செலுத்துவதாக இருந்தால் கவனம்: மாறாத ஐபிஎஸ் செல் கொஞ்சம் கலந்தாலும் டெரட்டோமா (பல வகைத் திசு கலந்த கட்டி) வரும்.