குழுக்கடன் நிறுவனத்தில் எச்.ஆர். வேலை: போகலாமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். பெண்கள் குழுக்களுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்று வேலூர் ஆபீசுக்கு எச்.ஆர். அதிகாரியாகக் கூப்பிடுகிறது. சம்பளம் ஆறாயிரம் குறைவு. "அதுவும் ஊழியம்தானே, போ" என்கிறார் அப்பா. "வட்டிக் கம்பெனிக்கா?" என்று சிரிக்கிறாள் அக்கா. என்ன செய்யட்டும்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அக்கா சிரிப்பதில் நியாயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2010-ல் ஆந்திராவில் சிறுகடன் நிறுவனங்களின் வாரத் தவணை வசூல் எல்லை மீறிப்போய் அரசு அவசரச் சட்டம் போட்டது, சித்தூர் பக்கத்திலேயே இருக்கிற நமக்குத் தெரியாததல்ல. இங்கேயும் 2025-ல் அடாவடி வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. கிறிஸ்தவ நிறுவனம் என்பதற்காக அங்கே இதெல்லாம் நடக்காது என்று நம்பிவிட முடியாது.

ஆனால் அந்த இடத்தில் எச்.ஆர். என்ன செய்ய முடியும் என்பதை அக்காவும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. ஷூ கம்பெனியில் உங்கள் ஆட்கள் ஒரே கேட்டுக்குள் வந்து பஞ்ச் பண்ணுகிறவர்கள். இங்கே, காலையில் கிளை ஆபீசில் ஜெபம் முடித்துவிட்டு பைக்கில் பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் என்று கிளம்பிவிடுகிற இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசுப் பிள்ளைகள். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் சென்டர் மீட்டிங், அதாவது குழுப் பெண்கள் கூடித் தவணை கட்டுகிற கூட்டம். எல்லாரும் டியூ கட்டிவிட்டார்கள், பீடி சுற்றுகிற ஒரு அம்மா மட்டும் "இந்த வாரம் இலையே குடுக்கல தம்பி, அடுத்த வாரம் சேத்துக் கட்டிடறேன்" என்கிறார். அந்தப் பையன் சரியென்று எழுதிக்கொண்டு எழுந்து வருவானா, மற்றப் பெண்களை ஏற்றிவிட்டு அவரைத் திட்ட வைப்பானா? அவன் காலையில் ஜெபித்தது அவ்வளவாக உதவாது. மாசக் கடைசியில் அவனுக்கு இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும், அந்தக் கணக்கில் எச்.ஆர். கைக்குப் பெரிய பங்கு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 சிறுகடன் விதிகளே, கடன்தாரரிடம் ஊழியர் நடந்துகொள்ளும் விதமும் அவர் சம்பளக் கணக்கில் சேர வேண்டும் என்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் வசூலுக்காகப் போன் போடக் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

ஆகவே நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள். இன்சென்டிவ் வசூல் சதவீதத்துக்கு மட்டும்தானா? வசூல் குறைந்தால் பையன்கள் கைக்காசு போட்டுக் கட்டுகிறார்களா? (இதற்கு எதிரே இருப்பவர் சிரித்து மழுப்பினால் அதுவே பதில்.) ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனமா? போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டார்கள்? பெண் ஊழியர் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க உள்புகார்க் குழு இருக்கிறதா? பத்துப் பேர் வேலை செய்தாலே அது சட்டப்படி கட்டாயம்.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. காணிக்கையைச் சபையில் போடுங்கள், சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடையில் ஓடும் நிறுவனம் என்றால் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் சட்டம் திருத்தப்பட்டது, முன்பு 50 வரை போகலாம். எச்.ஆர். சம்பளம் அந்த நிர்வாகக் கணக்கில்தான் வரும், அதனால் உங்கள் பதவிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, நன்கொடையிலிருந்தா கடன் வட்டியிலிருந்தா, என்று தயங்காமல் கேளுங்கள். நன்கொடை என்றால் எத்தனை வருஷத்துக்கு என்பதையும்.

எதிர்காலம் இல்லாத துறை என்று யாராவது சொன்னால் திருச்சூரைக் காட்டுங்கள். 1992-ல் அங்கே கிறிஸ்தவத் தொண்டு அமைப்பாகத் தொடங்கிய ஈசாஃப், 2017-ல் சிறு நிதி வங்கியாகிவிட்டது. என்னைக் கேட்டால், இன்சென்டிவ் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தால் போங்கள், ஆறாயிரத்தில் பாதியையாவது பேசி வாங்கிக்கொண்டு.

கேள்வி: நான் இந்து. இந்த மாதிரி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?
- வாசகர், ஆற்காடு

பதில்: தாராளமாக. கணக்கு, கம்ப்யூட்டர், களப்பணிக்கெல்லாம் பல இடங்களில் மதம் பார்ப்பதில்லை. தலைமைப் பொறுப்புக்குப் போதகர் கடிதம் கேட்கிற இடங்களும் உண்டு. எச்.ஆர். கொஞ்சம் இழுபறி, காலை ஜெபத்தை நடத்துகிற பொறுப்பு சில இடங்களில் அவர் தலையில்தான் விழும். போன் போட்டுக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.